ஐந்து மில்லிமீட்டர்

நாற்பதுதான் வேண்டும் என்கிறான் அய்வர்ஸ்.
பெரிய கண்ணருகு வில்லை, பெரிய வானம்,
வாளி நிறைய வெளிச்சம்.
எனக்கு ஆக்சிஜன் ஃபில்டர்.
தகர டப்பாவில் இருப்பது நூற்றிப் பத்து யூரோ;
இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும்.

தொலைநோக்கியும் பாதிப் பாதிதான்.
எட்டங்குல ஆடி அவனுடையது,
குழாயும் பெட்டியும் என்னுடையது.
குடித்த இரவுகளில் மட்டும்
பாகம் பிரித்துக்கொள்வோம்.

லியபாயா நகருக்கு வடக்கே
கடல் கடித்துத் துப்பிய கோட்டைச் சுவர்கள்.
அதில் காற்றுக்கு முதுகு காட்டும் மூலை ஒன்று
எங்களுக்கென்று வாய்த்திருக்கிறது.
அக்டோபர். பூஜ்யத்துக்கு மேலே இரண்டே டிகிரி.

சந்திரனுக்கென்று சிவப்பு, பச்சை, நீலம்
மூன்றையும் முதல் வருடமே
கடைக்காரன் எங்கள் தலையில் கட்டிவிட்டான்.
பச்சை நிலா
ஒருமுறை பார்த்தால் போதும்.
பத்து மில்லி வில்லையில்
என் இமைமுடி கண்ணாடியில் உரசும்,
மறுநாள் அதில் மைக்கோடு இருக்கும்,
வியாழனுக்குப் புருவம் வரைந்தாயா என்பான்.

நான் கப்பல் பட்டறைக்காரி.
வாக்குவாதத்தை வாயால் முடித்துப் பழக்கமில்லை.
கோட்டுப் பையிலிருந்து
அலன் சாவிக் கொத்தை எடுத்தேன்.
வேகாவைப் பார். இதைக் கண்ணை ஒட்டிப் பிடி.
மூன்று மில்லி. நட்சத்திரம் என்னாச்சு?
இரண்டாகப் பிளந்தது.
நான்கு?
இன்னும் இரண்டுதான்.
ஐந்து?

அணைந்துவிட்டது.

அவ்வளவுதான் உன் ஜன்னல், அய்வர்ஸ்.
நாற்பது அனுப்பும் ஒளிக்கற்றை
ஏழுக்குக் கொஞ்சம் குறைவு.
அதில் பாதி, ஆயிரம் வருடம் நடந்து வந்து
உன் சாம்பல் நிறக் கருவிழியில் முட்டி
வெளியிலேயே நின்றுவிடும்.

அவன் சாவியைத் திருப்பித் தரவில்லை.
இருபது வயதில் எனக்கு ஏழு திறந்திருக்கும், என்றான்.
அப்போது இந்தக் கரை கடற்படையின் கரை.
முள்கம்பி. காவல் கூண்டு.
சினிமா தியேட்டர் சுவரில் சாய்ந்துகொண்டு
தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு எத்தனை, என்று கேட்டான்.
ஆறு, என்றேன்.

மார்ச்சில் வலது கண்ணின் புரையை எடுத்தார்கள்.
எடுத்த நாலாம் நாள்
டிராமைக் கடைசி நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு
போன் செய்தான்:
ஜின்ட்ரா, பனி நீலமாக இருக்கிறது.
இடது கண்ணில் இன்னும்
ஆறிப்போன தேநீர் நிறம்தானாம்.
ஒரு ஃபில்டரை இத்தனை வருடம்
கண்ணுக்குள் திருகி வைத்துக்கொண்டு
கடை கடையாய் ஃபில்டர் தேடியிருக்கிறேன்
என்று சிரித்தான்.
பின்னால் பயணி யாரோ கதவைத் தட்டும் சத்தம்.

கடைசியில் ஆக்சிஜனையே வாங்கினோம்.
ஐந்து மில்லி பேசியது, நான் பேசவில்லை.

இருபத்தைந்தின் அடியில் அதைத் திருகினேன்.
அன்னத்தின் இறக்கை அருகே, அதுவரை
வெறும் நட்சத்திரத் தூவல்.
இப்போது நட்சத்திரங்கள் மங்க,
ஆணியில் மாட்டிக் கிழிந்த மெல்லிய துணிபோல
ஒரு வளைவு, அதன் நூல்பிரி,
பார்க்கப் பார்க்க நீளும் இன்னொரு நூல்.
மூச்சை அடக்கியிருந்தது
தோள் வலித்தபோதுதான் தெரிந்தது.

நீ பார்.
வலது கண்ணால் பார்த்தான். இடது கண்ணால்.
மறுபடி வலது.
எதில் நன்றாகத் தெரிகிறது?
பதிலுக்கு அவன் விட்ட மூச்சு
வில்லை முழுக்கப் படிந்துவிட்டது.

துடைக்காதே, என்று பிடுங்கி
கோட்டுக்குள் அக்குளில் செருகிக்கொண்டேன்.
சூடேறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை.
ஜெர்மனி போகும் கப்பல்
அலைதடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது,
மாடி மாடியாய் விளக்குகள்.

அன்றைக்கு ஆறு என்றாயே,
இருட்டிலிருந்து கேட்டான்.
சாவிக்கொத்தை எடு, பார்க்கலாம்.

வீட்டில் இருக்கிறது, என்றேன்.
பையில் அது கிணுங்கியது.