ஏழாம் எண் படுக்கவில்லை

குதிரை நின்றபடியே தூங்கும் என்பார்கள்.
பாதி உண்மை.
பின்னங்கால் மூட்டில் ஒரு பூட்டு இருக்கிறது,
அதைப் போட்டுக்கொண்டு கண்ணயரலாம்.
கனவு காண மட்டும் படுத்தாக வேண்டும்.
கனவில் சதையெல்லாம் தளரும், பூட்டு நிற்காது.
ஒரு நாளைக்கு அரைமணி போதும்.
அந்த அரைமணிக்கு
நானூற்றைம்பது கிலோவையும்
தரையை நம்பிக் கொடுக்க வேண்டும்.

கெலமங்கலம் சாலையில்
ரோஜாப் பசுமைக்குடில்களுக்குப் பின்னால்
ஓடி முடித்த குதிரைகளின் லாயம்.
பதினொரு குதிரைகள், நான்கு கேமராக்கள்,
ஒவ்வொரு முன்னங்காலிலும் தீப்பெட்டி அளவு கருவி.
என் ஆய்வு: யார், எப்போது, எத்தனை நிமிடம் படுக்கிறார்கள்.
குதிரைக்கு 'யார்' வராது என்று
நெறியாளர் இரண்டு முறை அடித்துத் திருத்தினார்.

ஏழாம் எண், செவலைப் பெட்டை.
பந்தயத்தில் அவள் பெயர் ராயல் ரிக்வெஸ்ட்.
இருபத்திரண்டு இரவுகள்
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
பின்னிரவில் தலை தாழும், முழங்கால் மடங்கும்,
விழப்போகிறவள் திடுக்கிட்டு நிமிர்வாள்.
கணுக்காலின் முன்புறம்
ஆறிய காயத்தின் மேல் ஆறாத காயம்.
ஓட்டத்தில் பட்டது என்று
கொண்டுவந்து விட்டவர்கள் எழுதியிருந்தார்கள்.

மரத்தூளை அள்ளிவிட்டு ராகித்தாள் பரப்பினேன்,
முழங்கை ஆழத்துக்கு.
தின்றாள்.
விளக்கை அணைத்தேன்.
மூன்றாம் எண்ணின் முகம் தெரியட்டும் என்று
நடுத்தடுப்பைத் தாழ்த்தினேன்.
பூச்சியம்.
விடுதி அறையில்
அவளை நான்கு மடங்கு வேகத்தில் பார்த்துக்கொண்டு
நானும் மூன்று மணிவரை படுக்கவில்லை.

இருபத்து மூன்றாம் இரவு, 2:14.
படுத்தாள்.
முதலில் வயிற்றுவலி என்றுதான் நினைத்தேன்.
முன்னங்காலை மடித்தாள், ஒருக்களித்தாள்,
அப்புறம் தலையையும் தாளில் வைத்தாள்.
உதடு துடித்தது.
குளம்புகள் சிறிதாகக் காற்றை உதைத்தன.
எந்த மைதானமோ.
முப்பத்தொரு நிமிடம்.

பதிவைப் பின்னுக்கு ஓட்டினேன்.
1:50. காவலாளி சௌடப்பா உள்ளே வருகிறார்.
வரக் கூடாது.
சோதனை விதி ஐந்து: இரவில் மனித நடமாட்டம் இல்லை.
ஏழாம் கதவருகே, முதுகைச் சாய்க்காமல் நிற்கிறார்.
அவளைப் பார்க்கவே இல்லை.
வாசலைப் பார்க்கிறார்.
ஒரு மணி நேரம்.

மறுநாள் கேட்டேன்.
"சானமாவு பக்கமிருந்து ஆனை எறங்கிடுச்சு மேடம்.
ராகிக் கொல்லையில மூணு. பட்டாசு சத்தம் கேக்கலியா?
என் ஷெட்டு தகரம். இங்க கல்லு சுவரு."
"குதிரைக்கு என்ன செஞ்சீங்க?"
"அதுங்கிட்ட நான் எதுக்குப் போறேன், உதைக்கும்.
ஆனை வருதான்னு காதைக் குடுத்துட்டு நின்னேன்.
வேற ஒண்ணுமில்ல, பயம்."

கூட்டத்தில் ஒன்று நின்று காது கொடுத்தால்தான்
இன்னொன்று படுக்கும் என்று
பாடப்புத்தகத்தில் ஒரு வரி.
அந்த ஒன்று குதிரையாக இருக்க வேண்டும் என்று
வரியில் இல்லை.
நான்தான் சேர்த்து வாசித்திருக்கிறேன்.

அன்றிரவு விதி ஐந்தை மீறி
நானே போய் நின்றேன்.
இரண்டு ஸ்வெட்டர், கையில் நிறுத்துக் கடிகாரம்,
கண் இரண்டும் அவள்மேல்.
அவளும் என்னையே பார்த்தபடி
விடியும்வரை நின்றாள்.

இருபத்து மூன்றாம் வரிசையை
அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டேன்.
அடிக்குறிப்பு: புறக் காரணி, யானை.

தை வரைக்கும் யானைகள் இங்கேதான் என்கிறது வனத்துறை.
சௌடப்பாவின் இரவுப் பணியை
லாயத்துக்குள் மாற்றக் கேட்டு விண்ணப்பம் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'பயந்துகொண்டு நிற்பதற்கு' என்று எழுதி
அடித்துவிட்டு
'பராமரிப்பு' என்று போட்டேன்.