பதினைந்தாம் எலி

அல் அயின். ஆய்வகத்துக் குளிரில்
பதினாலாம் எலிக்குக் கீழாநெல்லிச் சாறு,
பதினைந்தாவதுக்கு வெறும் தண்ணீர்.
இரண்டுக்கும் ஒரே கொழுப்புத் தீனி.

ஆறு வாரம் கழித்து
கண்ணாடிச் சில்லில் ஈரல் சீவல்:
ஒன்று இளஞ்சிவப்பு,
மற்றதில் வெள்ளை வெள்ளையாய்க் கண்கள்,
ஆறிப்போன சால்னாவில் மிதப்பதுபோல.

“எலிக்குச் சரி, மனுசனுக்கு இன்னும் தெரியாதுன்னு எழுது”
என்றார் டாக்டர் நௌஷீன்.
எழுதினேன்.

சட்டைப்பையில் என் ஸ்கேன் தாள்:
கிரேடு இரண்டு.
பதினோரு வருசம், இரவு ஒரு மணிக்கு
பரோட்டாவும் பொரித்த கோழியும்.
எனக்கு யாரும் எண் போடவில்லை, அவ்வளவுதான்.

குடுவை அடியில் ஒரு மடக்கு மிச்சம்.
முகர்ந்தேன். கசப்பு மூக்கிலேயே தெரிந்தது.
தொட்டியில் ஊற்றிக் கழுவினேன்.

மாலை ஏழு. இன்னும் நாற்பது டிகிரி.
அறைக்கு நாலு கிலோமீட்டர்.
பஸ் வந்து நின்றது;
ஏறவில்லை.