நீங்கலாக

பள்ளத்தூரில் பத்திரம் எழுதுகிறேன்.
இடம்தான் என் பிழைப்பு.
கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று
இருபத்தெட்டு வருஷமாக எழுதி
நடுவிரல் காய்த்துப்போயிருக்கிறது.
இடங்கொடுப்பது என்றால் என்னவென்று மட்டும்
எந்த முத்திரைத்தாளிலும் எழுதியதில்லை.

சொல்லைப் பாருங்கள்.
பேருந்தில் கைப்பிள்ளைக்காரிக்குக் கொடுப்பதும் இடம்.
மகன் மூன்றாவது செல்போனை உடைத்த அன்று
"எல்லாம் நீ கொடுக்கிற இடம்" என்று
டீக்கடை வேலாயுதம் பெண்டாட்டியிடம் கத்தியதும்
அதே இடம்.
கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவானாம்.
மடம் உள்ளவன் அல்லவா பயப்பட வேண்டும்,
எனக்கு வாடகை வீடு.

சர்க்கரை டாக்டர் கேட்டார்,
"ஜிலேபிக்கு ஏன் இடங்கொடுத்தீங்க?"
நானா கொடுத்தேன்?
அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.
எழுப்பிவிடவில்லை, அவ்வளவுதான்.

அடைக்கம்மைக்கு வயது நாற்பத்தாறு.
மதுரையில் மாமியார், மாமனார், கணவர்,
கல்லூரிக்குப் போகிற இரண்டு பேர், ஒரு நாய்.
இங்கே மேலத்தெருப் பெரிய வீட்டில்
முப்பத்திரண்டில் ஒரு பங்கு.
பங்கு என்றால் இரண்டாம் கட்டில் ஓர் அறை,
பத்தடிக்கு எட்டடி,
ஜன்னல் கிடையாது.

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வருவார்.
முழ நீளச் சாவியால் திறந்து
உள்ளே தாழ் போட்டுக்கொள்வார்.
நாலு மணிக்கு வெளியே வரும்போது
கன்னத்தில் கோரைப்பாய் வரி இருக்கும்,
கையில் காலிப் பெட்டி இருக்கும்.
அரைக்கிலோ பால்கோவா, ஒரே ஆள்,
என்று வியந்தார் காவல்கார ஆண்டியப்பன்.

விடுதி நடத்த ஒரு கம்பெனி கேட்டது.
முப்பத்தொரு பங்கு முடிந்தது,
சிங்கப்பூர்க்காரர் பவர் எழுதி அனுப்பிவிட்டார்,
பேசாத அண்ணன் தம்பி
பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கையெழுத்துப் போட்டார்கள்.
அடைக்கம்மை பேனாவைத் திறந்தார்,
மூடினார்,
திறந்தார்.
"மனசு இடங்கொடுக்கலை."

அதே சொல்தான், ஆனால் உட்பக்கமாகத் தாழிட்டது.

ஆசைக்கு மனசு இடங்கொடுத்தால் சபலம்.
விற்க இடங்கொடுக்காவிட்டால்?
அதுவும் சபலம்தான் என்று
போனில் கத்தினார் அவர் கணவர்.
ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

"பிறந்த வீட்டுப் பாசமா ஆச்சி?" என்றேன்.
சிரித்தார்.
"இந்த வீட்டைக் கண்டாலே ஆகாது எனக்கு.
தேள் கொட்டினது இங்கேதான்.
ஒரு மத்தியானம் வேணும், அவ்வளவுதான்.
'எங்கே இருக்கே'ன்னு யாரும் கேட்காத மத்தியானம்.
அதை வைக்க வேற இடம் இல்லை."

வழக்கமான வரிக்கு வந்திருந்தேன்:
'எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி...'
கை நின்றுவிட்டது.
தூண்டுதல் இல்லாமல் இந்த ஊரில்
யார் எதைச் செய்திருக்கிறார்கள்?
அவருக்கு எண்பது சதுர அடி தூண்டுகிறது.
கம்பெனிக்கு மிச்சமெல்லாம்.

சித்திரை வெயில். மின்சாரம் இல்லை.
கம்பெனி வக்கீல் கழுத்துப்பட்டையைத் தளர்த்தி
கோப்பால் விசிறிக்கொண்டார்.
"எண்பது சதுர அடிதானே, தொலையட்டும்.
இடங்கொடுங்க."

கொடுத்தேன்.
வடக்கே பாத்திர அறை, தெற்கே மாடிப்படி,
கிழக்கே வளவு நடை, மேற்கே கடைசிச் சுவர்.
'இந்நான்கெல்லைக்குள் பட்ட அறை நீங்கலாக,
அதற்குப் போகவர நடைபாதை பாத்தியமும் நீங்கலாக.'
நடைபாதையை யாரும் கேட்கவில்லை.
நானாகச் சேர்த்தேன்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில்
ஜிலேபி எண்ணெயிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.
டாக்டருக்கு மனசுக்குள் ஒரு பத்திரம் எழுதினேன்:
மேற்படி உடம்பு முழுவதும்
தங்கள் அனுபவத்துக்கும் அதிகாரத்துக்கும் உட்பட்டது,
நாக்கு நீங்கலாக.

காரைக்குடி வண்டியில் கூட்டம்.
ஒரு கையால் கம்பியைப் பிடித்து
மறுகையில் பாகு வழிய
நின்றுகொண்டே தின்றேன்.
யாரும் இடம் தரவில்லை.