இரண்டிலிருந்து எட்டு

இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கணும் என்றாள் நர்ஸ்,
பெட்டியை என் கையில் கொடுத்தபடி.
எனக்கா சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.
தளி ரோட்டுப் பண்ணையில்
ரோஜா வைக்கும் குளிரறைக்கு
ஆறு வருடமாக நான்தான் பொறுப்பு.
அரைமணிக்கு ஒருமுறை அளவு பார்த்து
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள்.

வீட்டில் வேறு கதை.
மாவுச் சட்டிக்குப் பின்னால்,
ஃப்ரீசரை ஒட்டாமல், கதவிலும் வைக்காமல்,
நடுத்தட்டில் ஒரு டிபன் பாக்ஸ்.
'கரண்ட் போனால் திறக்காதே' என்று
திம்மராயன் எழுதி ஒட்டியிருக்கிறான்.
இருட்டில் இரண்டு தடவை திறந்து பார்த்தவனும் அவன்தான்.

வீட்டுக்கார அம்மா ஒருநாள் ஊசியைப் பார்த்துவிட்டார்.
சுகர் என்றது என் வாய், என்னைக் கேட்காமல்.
இந்த வயசிலேயா என்று கன்னத்தில் கை வைத்தவர்
மறுநாளிலிருந்து பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தார்.
பொங்கலுக்கு எல்லாப் போர்ஷனுக்கும் சர்க்கரைப் பொங்கல்,
எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் வெண்பொங்கல்.
நின்று பார்த்துக்கொண்டிருந்தார், முழுக்கத் தின்னும்வரை.
அவ்வளவு மிளகு.

முதல் ஊசி எல்லாவற்றையும் தூங்கவைக்க.
அடுத்தது எழுப்ப.
எதற்குத் தூங்கவைத்து எழுப்ப வேண்டும் என்று கேட்டான் திம்மராயன்.
டிசம்பரில் கிளையை வெட்டிவிடுகிறோமே,
பிப்ரவரியில் எல்லாம் ஒரே வாரத்தில் பூக்க, அப்படித்தான்
என்றேன்.
புரிந்தது அவனுக்கு.
எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கமில்லை.

தூங்கவைக்கிற ஊசியின் நாட்களில்
கழுத்திலிருந்து ஒரு அனல் கிளம்பும்.
மூன்று டிகிரியில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு
ரோஜாக் கட்டுகளில் முகத்தைப் புதைத்து நிற்பேன்.
மேடத்துக்கு லவ்வு என்று பேக்கிங் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
ஒரு பேனா ஊசி என் பதினைந்து நாள் சம்பளம்,
சீட்டை இரண்டாம் ஏலத்திலேயே தள்ளி எடுத்தது.
அது தெரிந்தால் சிரிக்கமாட்டார்கள்.

ஓசூரில் ஸ்கேன்.
வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் நாலு,
பதினெட்டு, பதினேழு, பதினாறு மில்லிமீட்டர்
என்று டாக்டர் சொல்லச் சொல்ல
யாரோ எழுதிக்கொண்டே போனார்கள்.
அறுபது சென்டி, ஐம்பது, நாற்பது என்று
தண்டளந்து பிரிக்கும்போது என் குரலும் இப்படித்தான் இருக்கும்,
யாரைப் பற்றியும் இல்லாததுபோல.
சின்னதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன்.
விடும்மா, அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்றார்.
நாங்கள் சின்னதைத் தூக்கிப் போடமாட்டோம் டாக்டர்,
ஓசூர் மார்க்கெட்டுக்கு அனுப்புவோம், மாலைக்கு ஆகும்.
இதை நான் சொல்லவில்லை.
பஸ்ஸில்தான் தோன்றியது.

கடைசி ஊசி, பத்தரை மணி.
பத்தே காலும் இல்லை, பத்தே முக்காலும் இல்லை.
அன்றைக்குப் பார்த்துத்தான்
பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு மூன்று வண்டி லோடு.
திம்மராயன் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட்,
சூப்பர்வைசரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி
போனில் இருந்தான்.
அவன் பேசவில்லை, பின்னால் லேத்து ஓடிற்று.

குளிரறைக்கு வெளியே, அட்டைப்பெட்டி மறைவில்
பூல்மணி டார்ச் பிடித்தாள்.
ஜார்க்கண்டுப் பெண், வந்து நாலு மாதம்.
சுகர்? என்றாள்.
இந்த ஊரில் முதல்முறையாகத் தலையை ஆட்டி இல்லை என்றேன்.
கையை வயிற்றில் வைத்தேன்.
அவள் பாஷையில் ஏதோ சொன்னாள், நீளமாக.
பிறகு எனக்கு முதுகைக் காட்டி
வழியை அடைத்தபடி நின்றுகொண்டாள்,
டார்ச்சை மட்டும் பின்னால் நீட்டி.

தோலைக் கிள்ளிப் பிடித்தேன்.
பத்துவரை எண்ணினேன்.
போட்டுட்டியா?
போட்டுட்டேன்.
வலிக்குதா?
லோடு நிக்குது, வை.

நோட்டைத் திறந்தேன்.
இரவு 10.30. மூன்று டிகிரி.
கதவு சரியாக மூடியிருக்கிறதா என்ற கட்டத்தில்
டிக் போட்டுவிட்டு
எழுந்துபோய்
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.