பெரட்டு

காலை ஐந்தரை.
சுங்கை லாலாங் பந்துத் திடலில்
தண்ணித் தொட்டிக்குக் கீழே மட்டும்தான் லைன் கிடைக்கும்.
அங்கேதான் நிற்கிறோம் பதினோரு பேர்,
ஆளுக்கொரு கைப்பேசி,
கிளினிக்கில் கொடுத்த பச்சைப் பட்டியில் இடுப்போடு கட்டி.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலைப் பக்கம் திரும்புகிறது.
அதன் வெளிச்சத்தில்
எல்லார் முட்டியும் ஒரு கணம் தெரிந்து மறைகிறது.

மிஸ்ஸி நோராய்னி சொன்னதை
வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருக்கிறேன்:
நடந்தால், நடந்துகொண்டே யோசித்தால்,
மறதி நோய் வரும் வாய்ப்பு குறையலாம்.
குறையும் என்று சொல்லவில்லை.
இருபத்தாறு வருஷம் கிராணி வேலை பார்த்தவனுக்கு
‘உம்’முக்கும் ‘லாம்’முக்கும் நடுவில் உள்ள தூரம் தெரியும்.

முதல் வாரம் ஒரே சிரிப்பு.
“தங்கள் வலது பாதத்தை உயர்த்துக” என்றது கைப்பேசி.
யாருடா இது, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிறான் என்றாள் இருளாயி.
அடுத்த வாரம் அதை ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டு
ஒரே நாளில் பதினாலாயிரம் அடி எடுத்தாள்.
திரையில் தங்கப் பதக்கம் சுழன்றது.
அந்த ஆட்டுக்கு இனி எதுவும் மறக்காது.

இப்போது ஆறாவது வாரம்.
நடக்க வேண்டும், நடந்துகொண்டே பெயர் சொல்ல வேண்டும்,
காய்கறியோ ஊரோ, எதுவானாலும்.
மற்றவர்கள் கத்திரி, வெண்டி, காங்கோங் என்று போகிறார்கள்.
என் வாயில் வருவது
இரண்டாம் டிவிஷன் செக்ரோல், எண்பத்தேழு.

ஒன்று, அங்கம்மா. வலது கால்.
இரண்டு, வடமலை. இடது கால்.
மூன்று, பேச்சாயி
மூச்சு வாங்குகிறது பன்னிரண்டில்
பதினேழு, சன்னாசி.

“வந்தேன்யா.”

திடலின் ஓரத்திலிருந்து.

சன்னாசிக்குக் கைப்பேசி கொடுக்கவில்லை.
சோதனையில் கடிகாரம் வரையச் சொன்னார்கள்.
வட்டம் போட்டான்,
அதற்கு ஒரு கைப்பிடி போட்டுப் பால்வாளி ஆக்கினான்.
இது இன்னும் மறக்காதவர்களுக்கு என்றாள் மிஸ்ஸி, மெதுவாக.
ஆனாலும் தினமும் வருகிறான்,
மகள் ஜெயக்கொடி கையைப் பிடித்துக்கொண்டு,
பெரட்டு என்று நினைத்து,
கழுத்துவரை பொத்தான் மாட்டி.

எண்பத்தேழில் ஒரு நாள்
காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு
ஏழு நிமிஷம் பிந்தி ஓடி வந்தான்.
புத்தகத்தை நான் மூடியிருக்கவில்லை.
பேனாகூட கையில்தான் இருந்தது.
ஆனாலும் முட்டை போட்டேன்.
ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.
மண்டோர் பார்த்துக்கொண்டிருந்தான், அது ஒன்று.
சன்னாசி வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான்.
சம்பளத்தில் எட்டு வெள்ளி குறைந்தது.

அந்தப் பிள்ளைதான் ஜெயக்கொடி.
அவளுக்குத் தெரியுமா, நான் கேட்டதில்லை.
அவனுக்கு இனித் தெரியாது.
மண்டோர் செத்துப் பதினைந்து வருஷம்.
செக்ரோல் கரையான் தின்றது.
ஆக அந்த முட்டை இப்போது
என் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது.
அது அழிந்துவிடாமல் இருக்கத்தான்
தினமும் அரை மணி நேரம்
பனியில் நான் முட்டி வலிக்க நடக்கிறேன்.

“தாங்கள் நின்றுவிட்டீர்கள்” என்றது இடுப்பு.
“தொடர்ந்து நடக்கவும்.”

பதினெட்டு.
வலது கால்.
பதினெட்டு.
யார் பதினெட்டு?
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
இருளாயி வெண்டிக்காயோடு என்னைத் தாண்டிப் போனாள்.

ஜெயக்கொடி அவன் தோளில் உட்கார்ந்த கொசுவைத் தட்டினாள்.
அவன் நிமிர்ந்தான்.

“பாக்கியத்தம்மாங்க. இன்னைக்கு லீவு கேட்டிருக்கு.
எழுதிக்கிங்கய்யா.”