இரண்டு ‘வித்’

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில்
மூன்றாம் அறைக்குக் குளிர் அதிகம்.
கோட்டுப் போட்டவர்களுக்காக வைத்த குளிர்.
எனக்கு ஒரு சால்வை, ஒரு மைக்,
கூண்டுக்குப் பக்கத்தில் கால் ஆடும் நாற்காலி.

கூண்டில் ரெங்கநாயகம்.
ஆயர் ஈத்தாம் சந்தை முனையில் இளநீர் வெட்டுபவர்.
பத்தொன்பது வருஷமாய்
அவர் போகிற இடமெல்லாம் பாராங்கும் போகும்,
நம்மோடு கைப்பேசி வருகிற மாதிரி.

அரசு வழக்கறிஞர் ஒரே மூச்சில் கேட்டார்.
ஆங்கிலத்தில் அதில் இரண்டு ‘வித்’.
வித் ஹிம். வித் தி பாராங்.
ஒரே துணியில் சட்டை தைத்துக்கொண்ட
அண்ணன் தம்பி போல வந்து நின்றன.

முதலாவது சுலபம்:
அவரோடு சண்டை போட்டீர்களா?
(அடித்துக்கொள்வதற்கும் நமக்கு ‘ஓடு’தான்,
குடித்தனம் நடத்துவதற்கும் அதே ‘ஓடு’தான்.)
இரண்டாவதில் நாக்கு நின்றுவிட்டது.
பாராங்கோடா?
பாராங்காலா?
ஒன்று இடுப்பில் தொங்கியது.
மற்றது ஏழு வருஷம்.

எந்த ‘வித்’ என்று கேட்டேன்.
வித் என்றால் வித்தான் என்றார் வழக்கறிஞர்.
ஆகவே இரண்டையும் கேட்டேன்.
ரெங்கநாயகம் என்னைப் பார்த்துச் சொன்னார்:
“பாராங்கோடதாம்மா போனேன்.
பாராங்கால இல்ல. கையால.”

சொன்னதைச் சொன்னபடி
ஆங்கிலத்தில் வைத்தேன்:
வித் பாராங் போனார், வித் பாராங் இல்லை, வித் கை.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
யாங் ஆரிஃப் கண்ணாடியைக் கழற்றினார்.
“வித் ரெஸ்பெக்ட்” என்று எழுந்தார் வழக்கறிஞர்.
அவர் எழுந்தது மரியாதையோடா, மரியாதையாலா,
அதை யாரும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

தமிழில் இவை இரண்டும் வேறு வேறு, யாங் ஆரிஃப்,
உடன் இருப்பது வேறு, கருவியாவது வேறு,
என்றேன். எழுதிக்கொண்டார்.

மத்தியானம் மீகூன் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான்
ஐந்தாம் படிவத்து இலக்கண வகுப்பு ஞாபகம் வந்தது:
மூன்றாம் வேற்றுமை. ஆல், ஓடு.
இரண்டும் ஒரே வீடு.
சத்தியப் பிரமாணம் செய்த வாயால்
பாகப்பிரிவினை செய்துவிட்டேனா?
மீகூன் ஆறிப்போனது.
இல்லை, ஒரே வீட்டில் இருந்தாலும்
ஆள் வேறுதானே.
பாதிப் பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்தேன்.

வழக்கு நவம்பருக்குத் தள்ளிப்போனது.
பாராங் பிளாஸ்டிக் பைக்குள், பி-4 என்ற சீட்டோடு,
யாரோடும் இல்லாமல்.

படிக்கட்டில் அவர் மனைவி காத்திருந்தார்.
தீர்ப்பு என்னவாகும் என்று கேட்பார் என நினைத்தேன்.
“அந்தப் பாராங்க எப்பம்மா குடுப்பாங்க?
கடைய நாந்தான் பாத்துக்கிறேன்.
கறிக்கத்திக்கு மட்டை அசைய மாட்டேங்குது.
எளநிய எதால வெட்டறது?”

பெர்ரிக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது.
நான் குடையோடு நின்றேன்.
மழை இல்லை.