தேய்மானம் சேராது

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
ஷோரூம் என்கிறார்கள்; பாதி கிடங்கு.
புது டயர் வாடை ஏர்கானோடு கலந்து வருகிறது.
ஹுவீ லிங் ஒரு தாளை என் பக்கம் திருப்பினாள்.
அறுநூற்று எண்பது வெள்ளி.
இரண்டு வருட உத்தரவாதம் ஐந்தாகும்.
"நிம்மதி, அங்கிள்" என்றாள்.

நிம்மதிக்கு இவ்வளவு துல்லியமாக
யாரும் எனக்கு விலை சொன்னதில்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான்.
எந்தத் தாளையும் பின்பக்கத்திலிருந்து படிப்பது
தொழில் தந்த பழக்கம்.
பொடி எழுத்து. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன்.
செயின் சேராது.
பிரேக் கட்டை சேராது.
கிளட்ச் தட்டு, பேட்டரி, பல்பு,
ரப்பரால் ஆன எதுவும்.
தேய்மானம் சேராது.

"வேறென்னதான் சேரும்?"
"எஞ்சின், அங்கிள்."
"எஞ்சின் எப்போது கெடும்?"
"கெடவே கெடாது. ஜப்பான்."
சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது.
இருவரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த வரியில் சிரிக்க ஒன்றுமில்லை.
ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
இங்கேயேதான் சர்வீஸ்.
வேறு கை பட்டால் செல்லாது.

வேறு கை என்றால் குணாளன்.
பாலத்துக்கு அந்தப் பக்கம், மாசாயில்,
கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை.
எஞ்சினை ஓடவிட்டு
திருப்புளியின் நுனியை அதன்மேல் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கேட்பான்.
"டைமிங் செயின் முனகுது, அடுத்த மாசம் வா."
அடுத்த மாசம் எனக்கே கேட்கும்.
பத்து வருடத்தில்
ஒரு ரசீதுகூட அவன் தந்ததில்லை.

பழைய வண்டி போன மாதம் போயிற்று.
கெட்டு அல்ல, காகிதம் முடிந்து.
பத்து வருட அனுமதி,
வண்டியைவிட விலை கூடிய காகிதம்.
ஓடுகிற எஞ்சினோடு
நானேதான் சுங்கை காடுட்டுக்கு ஓட்டிப்போய்
உடைக்கக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன்,
மடியில் ஹெல்மெட்.
இந்த ஊரில் வண்டிக்கு
பிறக்கும்போதே சாகும் தேதி எழுதிவிடுகிறார்கள்.
ஜோசியருக்கு வேலையில்லை.

ஒரே ஒருமுறை அது என்னை வழியில் விட்டது.
ஏஒய்இ, இரவு இரண்டு, மழை.
கிளமெண்டியில் ஒருவர் லிஃப்டில் மாட்டியிருந்தார்.
செயின் அறுந்து பாலத்தடியில் நான்.
அங்கே ஏற்கெனவே ஆறு பேர் ஒதுங்கி நின்றார்கள்.
அதில் உணவு கொண்டுபோகிற ஒருவர்,
பெயர் ரிட்ஸுவான் என்றதாக ஞாபகம்,
பையில் இடமில்லாத ஒரு பொட்டலத்தை
என் கையில் பிடிக்கக் கொடுத்து
பின்னால் ஏற்றிக்கொண்டார்.

லிஃப்ட் கதவைத் திறந்ததும்
உள்ளே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி:
"இனிமேல் நிற்காதுதானே?"
"நிற்காது" என்றேன்,
சொட்டச் சொட்ட,
கையில் இன்னும் யாருடையதோ சோறு.

ஆகவே ஹுவீ லிங்கைக் குறை சொல்ல
எனக்கு வாய் கிடையாது.

"உன் வண்டிக்கு இது வாங்கினாயா?" என்று மட்டும் கேட்டேன்.
"நான் எம்ஆர்டி, அங்கிள்."

போன் அதிர்ந்தது. வானதி.
'கையெழுத்து போடாதே. முதலில் சாப்பிடு.'

சலுகை வியாழன் வரை.
தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.
இறங்குகிற சரக்கு லிஃப்டில் இரண்டாம் மாடி தாண்டும்போது
இடப்பக்கம் ஒரு உரசல்.
வழிகாட்டிக் கட்டை தேய்ந்திருக்கிறது.
எங்கள் கம்பெனி இல்லை; இருந்தாலும்
காவலாளியிடம் சொன்னேன்.
"இன்றைக்கே நின்றுவிடுமா?"
"இன்றைக்கு நிற்காது."

கீழே புது வண்டி, இருக்கையில் மழைத்துளி.
ஸ்டார்ட் செய்து, யாரும் பார்க்கவில்லை என்று
சாவி நுனியை எஞ்சின்மேல் வைத்து
காதைக் கொண்டுபோனேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
முனகல் இல்லை, இருமல் இல்லை.
அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

சனிக்கிழமை
பாலத்தில் கூட்டம் எப்படி இருக்குமோ.